வேனுக்குள் ஒரு படிப்பு

நியூசிலாந்தில், ஏவன்டேலில் எங்கள் சோபா வேர்க்‌ஷொப்பின் கதவைத் திறந்தால் பசை மணம் முதலில் மூக்கில் ஏறும். பிறகு டேவிட்டின் கோப்பி மணம்... அதற்குப் பிறகு சத்தம்!

எண்பதுகளின் நடுப்பகுதி. டேவிட் என் முதலாளி, யூதர். வேலை தொடங்க முன்னர் தினமும், மருந்துக்கடை வைத்திருந்த சிநேகிதன் சைமனோடு, துணி வெட்டும் மேசையில் தல்மூத் படிப்பார். அவர்களின் பழைய சமயச் சட்டநூல் அது. ஒருவர் ஒரு வரியை வாசிப்பார், மற்றவர் மேசையில் தட்டி மறுப்பார். அந்த நேரத்தில் எந்த வாடிக்கையாளர் வந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

அன்று காலை போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"இஞ்சேருங்கோ... நான் வந்திட்டன்! எயார்போர்ட்டிலை நிக்கிறன்!"

என் மனைவி சுகந்தி!

எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு அவளை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வந்தவன் நான். விசாவுக்காக அப்படியொரு காத்திருப்பு. மறுநாள்தான் வரவேண்டியவள். சிங்கப்பூரில் முந்தின பிளேனில் இடம் கிடைத்து ஏற்றிவிட்டார்களாம்.

என்னிடம் கார் இல்லை. பஸ்ஸில் போகிறேன் என்று டேவிட்டிடம் சொன்னேன். அவர் உடனே எழும்ப, சைமன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் ஆங்கிலத்தில் கதைத்ததை என் தமிழில் சொல்கிறேன்...

"பொறு. உதவி செய்ய வேறை ஆள் இருந்தால் படிப்பை நிப்பாட்டக் கூடாது. அதுதானே சட்டம்?"

"வேறை ஆர் இருக்கினம்? சொல்லு பாப்பம்!"

"பஸ் இருக்கு."

"பஸ் ஒரு ஆளோ?"

சைமன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இல்லைத்தான். வா, நானும் வாறன். வழியிலை படிப்பம்!"

புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு டெலிவரி வேனில் ஏறிவிட்டார். இருவருக்கும் நடுவில் நான்... என் தலைக்கு மேலால் கேள்வியும் பதிலும் பறந்தன. ஒரு சொல்லும் என் காதில் ஏறவில்லை. சுகந்தி, சுகந்தி என்றுதான் நெஞ்சு அடித்தது.

எயார்போர்ட்டில் தூணோரம் தன் பெட்டியில் உட்கார்ந்திருந்தாள் சுகந்தி. மெலிந்து போயிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி ஓடி வந்தாள். அத்தனை சனத்துக்கு நடுவில் இருவரும் கட்டிப்பிடித்து அழுதோம்... வெட்கமாவது ஒன்றாவது!

திரும்பும்போது சைமன் தன் இடத்தை அவளுக்கு விட்டார். பின்னால், டெலிவரிக்கு ஏற்றியிருந்த சோபாவில் அமர்ந்து, அங்கிருந்தே விட்ட வரியைக் கத்தி வாசித்தார். டேவிட் ஸ்டியரிங்கில் தட்டி மறுத்தார்.

சுகந்தி பயந்துபோய் என் காதுக்குள் கேட்டாள். "இவை ஏன் சண்டை பிடிக்கினம்? என்னாலையோ?"

"சண்டையில்லையப்பா. படிக்கினம்."

"இப்பிடியோ!"

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நியூசிலாந்தில் அவளுடைய முதல் சிரிப்பு அது.

இப்போது யாராவது ஊரிலிருந்து வந்தால், பிளேன் எங்கே பறக்கிறது என்று போனிலேயே தெரிகிறது. கூட்டிவர பெரிய கார், எல்லாருக்கும் தனித்தனி சீட். டேவிட்டும் சைமனும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

போன மாதமும் எயார்போர்ட் போனோம். பேரப்பிள்ளைகள் பின்னால், ஆளுக்கொரு போனோடு. திரும்பும் வழியில் காருக்குள் ஒரு சத்தமில்லை.

"என்னப்பா, கார் இப்பிடிச் செத்துப் போய்க் கிடக்கு?" என்றாள் சுகந்தி.