வோல்மேர் பார்க்காத கடைசிச் சுற்று

என் தங்கை புருஷன் வோல்மேர், தரைக்கு டைல்ஸ் பதிக்கிறவன். முட்டி இரண்டும் தேய்ந்தவன். எங்கள் ஊர்ப் பிள்ளை நேவியோ பார்ஜெல்லி உலகப் பட்டத்துக்காக பைக் ஓட்டிய பதினோரு வருஷத்தில், ஆரம்பப் பந்தயங்கள் தவிர எதன் கடைசிச் சுற்றுக்கும் டிவி முன்னால் இருக்க விடாமல் துரத்தப்பட்டவன் இவன் ஒருவன்தான்.

எல்லாம் ஒரு தடவை ஒன்றுக்குப் போனதால் வந்த வினை. முதல் வருஷம் ஜெர்மனிப் பந்தயத்தில், சரியாகக் கடைசிச் சுற்றில் எழுந்து கழிவறைக்குப் போனான். அவன் திரும்புவதற்குள் நேவியோ, ஸ்பெயின்காரன் ஓரியோலை முந்தி ஜெயித்துவிட்டான். அடுத்த பந்தயத்தில் உட்கார்ந்தே பார்த்தான்; கடைசி வளைவில் நேவியோ சரிந்து சரளைக்கல்லில் உருண்டான். இத்தாலியில் எங்கள் ரொமாஞாப் பக்கத்துக்காரர்களுக்கு, இவன் பார்த்தால் ராசியில்லை என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

நாங்கள் கூடிப் பந்தயம் பார்க்கும் பாரை நடத்தும் இயோலே அக்கா, அன்றிலிருந்து கடைசிச் சுற்று வந்ததும் கரண்டியால் மேசையைத் தட்டுவாள். "எந்திரி வோல்மேர், வெளிய போ!" இவனும் ஒயின் தம்ளரோடு எழுந்து போவான். இவன் வெளியே நின்றும் நேவியோ தோற்றதுண்டு. அப்போதெல்லாம் குற்றம் இவன் தலையில்தான். ஒரு தடவை கதவுக்குப் பக்கத்தில் நின்றானாம். இன்னொரு தடவை விசில் அடித்தானாம். கடைசியில் சட்டம் இப்படி ஆயிற்று: பின்பக்கச் சுவரில் நெற்றியை வைக்க வேண்டும், கண்ணை மூட வேண்டும், இரண்டு காதையும் பொத்த வேண்டும். பெற்ற தாய் சொல்லியிருந்தாலும் இவன் இவ்வளவு கேட்டிருக்க மாட்டான்.

போன நவம்பரில் வலென்சியாவில் நேவியோவின் கடைசிப் பந்தயம். அதோடு அவன் ஓய்வு. ஓரியோலும் அவனும் சமப் புள்ளியில் நின்றார்கள். முன்னால் முடிப்பவனுக்குப் பட்டம். முந்தின நாள் வோல்மேர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பாருக்கு வந்தான்.

"அக்கா, நாளைக்கு மட்டும் உள்ள இருந்துக்கறேனே. அவன் கோட்டத் தாண்டுறத ஒரு தடவையாவது பாக்கணும். இதுக்கப்புறம் ஏது?"

இயோலே கரண்டியை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "சரி, இரு. ஆனா அவன் மட்டும் விழுந்தான், உன்ன பியதீனா ரொட்டிக்குள்ள வெச்சு மடிச்சிருவேன்."

ஞாயிறன்று கடைசிச் சுற்று தொடங்கியபோது ஓரியோல் முன்னால், நேவியோ அவன் வாலைப் பிடித்தபடி. இயோலே கரண்டியைத் தொடவில்லை. நாற்பது பேரும் டிவியை விட்டுவிட்டு வோல்மேரையே பார்த்தார்கள்.

"அட, அப்படிப் பாக்காதீங்கய்யா. போறேன்" என்று எழுந்தான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. நானும் பின்னாலேயே போனேன். என் கண்ணால் பார்த்தேன்: நெற்றி சுவரில், கண் மூடி, காதைப் பொத்தி, சட்டப்படி நின்றான். உள்ளே ஒரு கூச்சல் எழுந்தது. அப்புறம் சத்தமே இல்லை. ஓரியோல் அரை டயர் வித்தியாசத்தில் ஜெயித்திருந்தான்.

வோல்மேர் உள்ளே வந்து எல்லார் முகத்தையும் பார்த்தான். "நான் ஒழுங்காத்தானே நின்னேன்... அப்போ, நான் பாத்தாலும் பாக்காட்டியும் ஒண்ணுதானா?"

இயோலேதான் முதலில் சுதாரித்தாள்.

"பொய் சொல்லாத. எட்டிப் பாத்திருப்ப!"

நான் சாட்சி சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் நின்ற அவன் என் காலை நன்றாக மிதித்தான்.

"ஆமாக்கா. லேசா. ஒரு கண்ணால."

பார் உயிர் பெற்றது. பாவி என்றார்கள், படுபாவி என்றார்கள், பட்டத்தைத் தொலைத்தவனே என்றார்கள். திட்டிக்கொண்டே இயோலே அவனுக்கு ஒயின் ஊற்றினாள். அவனும் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். "ஏன் மாப்ள பொய் சொன்ன?"

"பின்ன என்ன மச்சான்? பதினோரு வருஷம் சும்மாவா செவுத்தப் பாத்து நின்னேன்?"