பந்தலில் தொங்கிய பிளாஸ்டிக் நாக்கு

அண்ணனின் திராட்சைத் தோட்டத்தில் அந்தச் சென்சாரை மாட்டியது நான்தான். கம்பம் டவுனில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன்; மற்றதெல்லாம் போனில் பார்த்துப் பழகியது. இலை அளவுக்கு ஒரு பாலியெஸ்டர் படலம். அதில் வெள்ளி மையால், இரண்டு சீப்புகளைப் பல் தொடாமல் கோத்த மாதிரி அச்சடித்திருந்தார்கள். மேலே ஈரம் உறிஞ்சும் ஒரு பாலிமர் பூச்சு. பனியோ மழையோ பட்டால் ஒரு சீப்பிலிருந்து மறு சீப்புக்கு மின்சாரம் கசியும். உடனே அண்ணன் போனுக்குச் செய்தி போகும்: இலை நனைந்திருக்கிறது. நனைந்தபடியே நெடுநேரம் கிடந்தால் அடிச்சாம்பல் நோய் வரும், மருந்தடிக்க வேண்டும். தகடு மெல்லிசாக இருப்பதால் இலை காயும்போதே அதுவும் காய்ந்துவிடும்.

மதினி அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "என்ன தம்பி இது, பந்தலு நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது" என்றார். அன்றிலிருந்து எங்களுக்கு அது நாக்குதான்.

ஆயுத பூஜை சமயத்தில் நான் கேரளா பக்கம் ஒரு எஸ்டேட்டில் மோட்டார் வேலையில் இருந்தேன். அண்ணன் போன் செய்தார்.

"ஏலே, ஒன் நாக்கு பொய் சொல்லுதுடா. வெயிலு மண்டையப் பொளக்குது, எல நனஞ்சிருக்குங்குது."

"கீழ எங்கயும் விழுந்துருச்சாண்ணே?"

"அங்கனயேதான் தொங்குது. நல்லாத்தான் இருக்கு."

அதற்குள் இரண்டு தடவை அது சொன்னதை நம்பி மருந்தடித்திருந்தார். பிறகு செய்தியைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். அதற்கப்புறம்தான் மழை பிடித்தது. விட்டு விட்டுத் தூறிக்கொண்டே இருந்தது. அப்போதும் அதே செய்திதான் போயிருக்கிறது. அந்த முறை அது உண்மை.

நான் திரும்பி வந்தபோது இலைகளின் அடியில் வெள்ளை படர்ந்திருந்தது. மிளகு அளவுக் காய்கள் பழுப்பேறியிருந்தன. தகட்டைத் திருப்பினேன். சீப்புப் பற்களின் நடுவில் ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். அந்தச் சந்தனம்தான் இரவுப் பனியைக் குடித்துவிட்டு, பந்தல் நிழலில் பகலெல்லாம் காயாமலே இருந்திருக்கிறது.

"மோட்டாருக்கு வச்சோம், ஸ்பிரேயருக்கு வச்சோம். இதுவும் ஒழைக்குதுல்ல தம்பி. இத மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்?" மதினி சாதாரணமாகத்தான் கேட்டார். அண்ணனுக்கும் அப்படித்தான், பொட்டு வைத்த சாமான் நல்லபடியாக இருக்கும் சாமான். போனில் அதைச் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வழியில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கோபம் வரும் என்று நின்றுகொண்டிருந்தேன். வரவில்லை. ஈரத்துணியால் துடைத்து மறுபடி மாட்டினேன்.

இரண்டு நாள் கழித்து வியாபாரி வந்தார். வருசா வருசம் பிஞ்சிலேயே விலை பேசி முடிப்பவர். பந்தலுக்குள் குனிந்து போனவர் ஒரு இலையைப் புரட்டினார், விட்டார். வெளியே வந்து, சின்னமனூரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பாடு பத்தாமல் போன கதையைச் சொன்னார். நாங்கள் சிரித்தோம். விலையை அவர் பேசவில்லை, அண்ணனும் கேட்கவில்லை.

"காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றார் மதினி.

"இருக்கட்டும்மா, இன்னும் நாலு தோட்டம் பாக்கணும்."

அவர் வண்டி போனதும் அண்ணன் கத்தரியை எடுத்துக்கொண்டார். எனக்கும் ஒன்று கொடுத்தார். கெட்டுப்போன குலைகளை நறுக்கிக் கூடையில் போட ஆரம்பித்தோம். முதல் வரிசையில் நல்லது எது என்று பார்த்துப் பார்த்து விட்டோம். இரண்டாவது வரிசையில் பார்க்காமலே நறுக்கினோம்.