டிஸ்போஸ் என்று எழுதி நாங்கள் செய்தது

மனு எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியிலேயே, ஏற்றோமா மறுத்தோமா என்று காரணத்தோடு பதில் தர வேண்டும். அலுவலக நடைமுறையில் இதைவிடத் தெளிவான விதி கிடையாது. நிலம் சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதை நான் பாடமாகவே சொல்லியிருக்கிறேன். கடைப்பிடித்தேனா என்பது வேறு கேள்வி.

ஓய்வு பெற்று நான்கு வருடம் கழித்து, பக்கத்தில் பெருநகர் என்ற கிராமத்திலிருந்து அஞ்சலை என்ற பெண் உத்திரமேரூரில் என் வீட்டுக்கு வந்தார். கூலி வேலை செய்பவர். மழையில் அவர் வீட்டின் ஒரு சுவர் விழுந்துவிட்டது. அரசின் தொகுப்பு வீடு கேட்டால் மனைக்குப் பட்டா எங்கே என்றார்கள். பட்டா கேட்டு மனு கொடுத்தார். பதிலாக போனில் ஒரு வரி ஆங்கிலத்தில் வந்தது.

"டிஸ்போஸ்டுன்னு வந்துகீது சார். தூக்கிப் போட்டுட்டாங்கன்னு பொண்ணு சொல்றா. முடிச்சிட்டாங்க, நல்ல சேதின்னு கடைக்காரரு சொல்றாரு. ரெண்டுல இன்னா சார்?"

இரண்டும் சரி என்றேன். குப்பை வண்டியிலும் அந்த வினைச்சொல்தான், நீதிமன்றத் தீர்ப்பிலும் அதுதான். தீர்ப்பது, எறிவது, விற்பது, ஒழுங்காக அடுக்குவது எல்லாம் அகராதியில் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. எங்கள் அலுவலகம் அதையும் ஐந்தாகப் பிரித்தது. ஆர்.டிஸ் என்றால் காகிதம் நிரந்தரமாக இருக்கும். டி.டிஸ் பத்து வருடம், கே.டிஸ் மூன்று, எல்.டிஸ் ஒன்றே ஒன்று. என்.டிஸ் என்றால் மனுவையே திருப்பி அனுப்பிவிடுவோம்.

"அப்போ என் பேப்பருக்கு எத்தினி நாளு ஆயுசு?"

அதைப் பார்க்கத்தான் இருவரும் என் பழைய அலுவலகத்துக்குப் போனோம். பிரிவு உதவியாளர் கணினியைப் பார்த்துவிட்டு, இதே மனைக்குப் பட்டா கேட்டு ஆறு வருடம் முன்பு ஒரு மனு வந்து முடிந்துவிட்டது, அதனால் இதையும் முடித்துவிட்டோம் என்றார். அந்தப் பழைய மனு எங்கே? பதிவறையில் இல்லை. எல்.டிஸ் ஆனதால் ஒரு வருடத்தில் அழித்துவிட்டார்கள். வரும் மனுக்களைப் பதிந்துவைக்கும் ‘தன் பதிவேடு’ என்ற ஏட்டில் ஒரு வரி மட்டும் மிச்சம்: நில அளவருக்கு அனுப்பப்பட்டது, எல்.டிஸ்.

அளவருக்கு அனுப்பினால் அவர் அறிக்கை வரும்வரை அது நிலுவை. மாதக் கடைசியில் நிலுவைப் பட்டியலை இளைக்க வைக்க, அனுப்பியதையே முடித்ததாக எழுதுவது எங்கள் வழக்கம். மேலிடத்தில் பாராட்டுகூடக் கிடைக்கும்.

அந்த வரிக்குப் பக்கத்தில் இருந்தது என் சுருக்கொப்பம். உதவியாளரும் பார்த்துவிட்டார். நாகரிகமான ஆள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இன்னா சார், மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

சொன்னேன். அஞ்சலை அந்த வரியின் மேல் விரலை வைத்தார்.

"நீங்க போட்டதா? சரி. அப்போ நீங்களே எடுங்க."

அங்கேயே உட்கார்ந்து மேல்முறையீடு எழுதினேன். தவறு என்னுடையது என்று முதல் பத்தியிலேயே எழுதிக் கையெழுத்திட்டேன். உதவியாளர் படித்துப் பார்த்து, "ரிட்டயர் ஆனப்புறம் மெமோவ கேட்டு வாங்கிக்கிறீங்களே சார்" என்றார். மனுவை வாங்கி முத்திரையும் வைத்தார்.

இரண்டு வாரத்தில் மறுபடி டிஸ்போஸ்டு என்று வந்தது. மறுபடி போனோம். அடுத்தது ஃபார்வர்டடு. அதற்கும் போனோம். மனு நாள் திங்கட்கிழமை. வேலைக்குப் போகாத ஒவ்வொரு திங்கட்கிழமையும் அஞ்சலைக்கு ஒரு நாள் கூலி நஷ்டம். நான் தனியாகப் போய் வருகிறேன் என்றால் கேட்கவில்லை. நீங்க சொன்னா திரும்ப ஏதாச்சும் எழுத்து போட்டுடுவாங்க, நான் நின்னாத்தான் ஆவும் என்பார். மேசைக்கு முன்னால் அப்படியேதான் நின்றார். ஐந்தாவது திங்கட்கிழமைக்குப் பிறகு அளவர் பெருநகருக்கு வந்து மனையை அளந்தார்.

இப்போது பணியில் இருப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. கோப்பை முடிக்கும்போது என்ன செய்தீர்களோ அதை எழுதுங்கள். கொடுத்தோம், மறுத்தோம்: இந்த இரண்டில் ஒன்றை எழுத முடியவில்லை என்றால் வேலை முடியவில்லை என்று பொருள்.

பட்டா வழங்கப்படுகிறது என்று தமிழில் எழுதிய பதில், அஞ்சலையின் இரண்டாவது சுவரும் விழுந்ததற்கு மறுநாள், ஐப்பசி இருபத்தாறாம் தேதி வந்து சேர்ந்தது.