முந்தானையில் முடிந்த டோக்கன்

எழுபதுகளின் கடைசியில் உப்பளம் என்கிற பேட்டையில் குடியிருந்தோம். என் கணவருக்கு மில்லில் வேலை, வயது நாற்பத்தைந்து. நான்கைந்து மாதமாக வீட்டில் அவர் வாயைத் திறப்பது சோற்றுக்கு மட்டும்தான். சண்டை போட்டாலாவது தேவலை. சண்டையில் நான் கெட்டிக்காரி. இந்த மௌனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவாரோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

வார லீவில் வம்படியாக மேட்னி ஷோவுக்கு இழுத்துப் போனேன். போஸ்டரில் கதாநாயகன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அதை நம்பினேன் பாருங்கள், என் புத்தியைச் சொல்லவேண்டும்.

தியேட்டரில் சைக்கிளை விட்டால் தகர டோக்கன் தருவார்கள். அதை நீட்டாமல் சொந்த அப்பனுக்கும் சைக்கிளை விடமாட்டார் ஸ்டாண்டுக்காரர். இவர் இரண்டு முறை தொலைத்தவர், அதனால் டோக்கன் எப்போதும் என் முந்தானை முடிச்சில். பெஞ்சு டிக்கெட்டில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவே இடுப்பளவுச் சுவர். அந்தப் பக்கம் தூண் ஓரமாக அவர் உட்கார்ந்தார்.

படத்தில் சிரிப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நடுத்தர வயது குமாஸ்தா ஒருவன் பெண்டாட்டியிடம் பேசமாட்டான். சாப்பிடுவான், சுவரைப் பார்ப்பான், படுப்பான். ஒருநாள் சட்டையை மாட்டிக்கொண்டு போயே போய்விடுகிறான். அவள் தட்டை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். தூண் பக்கம் திரும்பினேன். இடம் காலி.

பீடி பிடிக்கப் போயிருப்பார் என்று சொல்லிக்கொண்டேன். ஒரு பாட்டு முடிந்தது. ஒரு அழுகை சீனும் முடிந்தது. அவர் வரவில்லை. நான் எழுந்ததும் பின்னாலிருந்தவள், "உக்காரும்மே, மறைக்குது" என்று கத்தினாள். யார் யார் காலையோ மிதித்துக்கொண்டு வெளியே ஓடினேன். பிள்ளைகளிடம் என்ன சொல்வேன், பெரிய மார்க்கெட்டில் மீன்காரி விசாரித்தால் என்ன சொல்வேன் என்றெல்லாம் அதற்குள் யோசித்துவிட்டேன்.

ஸ்டாண்டில் எங்கள் சைக்கிள் நின்றது. ஹேண்டில்பாரைப் பிடித்தபடி அவரும் நின்றார். போன உயிர் திரும்பி வந்தது.

"இன்னாங்க, பாதியில வந்துட்டீங்க?"

"பாக்க முடியல."

"சொல்லிட்டு வரக் கூடாதா? எங்கனா போயிட்டீங்களோன்னு..."

"எங்க போறது? டோக்கன் உங்கிட்ட இல்ல இருக்கு."

விளையாட்டாகச் சொன்னாரா, வெறுத்துப்போய்ச் சொன்னாரா, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்காக நின்றாரா, அந்தத் தகரத்துக்காக நின்றாரா? கேரியரில் உட்கார்ந்து வீடு வரை அவர் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் அவரே, "சினிமாவுக்குப் போலாமா?" என்றார். ஸ்டாண்டில் வாங்கிய டோக்கனை வழக்கம்போல என்னிடம் நீட்டினார்.

"நீங்களே வச்சிக்கோங்க" என்றேன்.

அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு என்ன படம் ஓடியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மூன்று மணி நேரமும் அந்தத் தூண் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.