ஓரத்தில் நசுங்கிய இழைகள்

பாலங்கள் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள், நாற்பது வயதில் தலைமுடியைவிட மெல்லிய இழைகளின் பக்கம் தாவினாள். காந்தம் செய்யும் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் 'பாலத்தம்மா' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் மீக்கடத்திக் கம்பி ஒவ்வொன்றுக்குள்ளும், செம்பில் பொதிந்தபடி நூற்றுக்கணக்கான இழைகள். கம்பிகளை முறுக்கினால் கேபிள். கேபிளைச் சுற்றினால் காந்தச் சுருள். அத்தனை இழைகளையும் கணினியில் மாதிரியாகக் கட்ட ஆயுள் போதாது. அதனால் ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு என்று, நாலைந்து இழைகளை மட்டும் கட்டி, சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் அவை எப்படி ஈடுகொடுக்கின்றன என்று பார்ப்பாள். அந்தக் குணத்தையே முழுச் சுருளுக்கும் ஏற்றி, அது எவ்வளவு மின்சாரம் தாங்கும் என்று சொல்வாள்.

புதுச் சுருளைத் திரவ ஹீலியத்தில் முக்கி மின்சாரம் ஏற்றினார்கள். அவள் சொன்ன அளவில் முக்கால்வாசியைக்கூடத் தொடவில்லை, உள்ளே எங்கோ சூடேறி மீக்கடத்தல் போய்விட்டது. ஹீலியம் ஆவியாகிச் சீறியது.

"உங்க கணக்குதான் கோணல், பாலத்தம்மா," என்றார் சுருள் சுற்றும் மேஸ்திரி.

"இருக்கலாம் அண்ணே. மிச்சக் கேபிள்ல ஒரு துண்டு வெட்டிக் கொடுங்களேன்."

"சண்டைக்கு வருவீங்கன்னு பார்த்தா துண்டு கேக்கறீங்க!" சிரித்துக்கொண்டே வெட்டிக் கொடுத்தார்.

துண்டை மெருகேற்றி நுண்ணோக்கியில் வைத்தாள். நடுவில் இழைகள் அவள் கட்டியபடியே வட்டமாக இருந்தன. ஓரத்துக்கு நகர்த்தினாள். கேபிளை உருளையில் தட்டையாக்கியபோது ஓரத்துக் கம்பிகள் நசுங்கி, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நடுப்பானையில் சோறு எடுத்துப் பதம் பார்த்திருக்கிறாள், ஓரம் அடிபிடித்திருக்கிறது!

பஸ் ஓட்டும் கணவர் போனில் கூப்பிட்டார். "வீட்டுக்கு வர்ற எண்ணம் இருக்கா?"

"வந்துட்டே இருக்கேங்க. ஓரமெல்லாம் நசுங்கிப் போச்சு!"

"ஐயோ, எந்த வண்டி?" என்று அவர் பதறினார்.

ஓரத்துக்கென்று தனியாக இன்னொரு சின்ன மாதிரி கட்டினாள். நடுவும் ஓரமும் சேர்ந்து சுருளுக்குள் போனதும் கணக்கு மாறியது: உள்வளைவில் ஓரத்து இழைகள் விரிசல்விடுகின்றன, அங்கேதான் சூடு பிறக்கிறது. மேஸ்திரி கேபிள் செய்பவர்களிடம் உருளையின் அழுத்தத்தைக் குறைக்கச் சொல்லி, புதுக் கேபிள் வரவழைத்துச் சுற்றினார்.

இரண்டாவது சுருள் பழையதைத் தாண்டி வெகுதூரம் ஏறியது. அவள் சொன்ன அளவுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. எல்லோரும் கைதட்ட, அவள் கண் அந்தக் கொஞ்சத்திலேயே இருந்தது.

"சுற்றுகளுக்கு நடுவுல பிசின் ஊத்துவீங்களே அண்ணே, அது குளிர்ல எவ்வளவு சுருங்கும்?"

"அது எனக்கும் தெரியாதும்மா. வாங்க, அளந்து பார்த்துடலாம்."