முதலில் ஒரு குறை

கடை திறந்ததும் டேனியல் செய்கிற முதல் வேலை, நல்ல சேலையைக் கெடுப்பது. விசைத்தறிச் சேலை ஒன்றை மடியில் பிரித்துப் போட்டு, கரையோரமாக ஒரே ஒரு இழையைச் சுண்டுவிரல் நகத்தால் மெல்ல இழுத்து விடுவார். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். பிறகு அதை மடித்துக் கைத்தறிச் சேலைகளோடு அடுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை ஒன்றில் பல வருடமாக விற்பனையாளர். கல்யாண வீட்டார் வந்து உட்கார்ந்ததும், யாரும் கேட்கும் முன்பே அந்த இழையைக் காட்டுவார். முதலாளி காதில் விழக்கூடாது என்பதுபோல் குரலைத் தாழ்த்திக்கொள்வார். "இத பாத்துக்கமா. ஒரு இழை மேல வந்துக்கினு இருக்குது. கைத்தறின்னா அப்படித்தான். பின்னாடி என்னைக் கேக்கக் கூடாது." அதன் பிறகு, இது கைத்தறிதானா, ஜரிகை அசலா என்று ஒருவரும் கேட்பதில்லை. கடைச் சரக்கின் குறையைத் தானே சொல்கிறவர் பொய்யா சொல்லப்போகிறார்? என் தங்கை கல்யாணத்துக்கு நானும் இப்படித்தான் தலையாட்டினேன். பக்கத்து வீட்டுக்காரன் என்று தள்ளுபடி மட்டும் கொடுத்தார், மகராசன்.

செவிலிமேட்டில் எங்களுக்கு ஒரே சுவர். ஆள் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தெருவில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக நாற்காலி தூக்கிவருவார். சாப்பிட உட்கார்ந்தால் அன்றைய வியாபாரத்தை மனைவி சுகாசினிக்கு நடித்துக் காட்டுவார். "சின்னத ஒத்துக்கினா, பெருச கேக்க மாட்டாங்க" என்று தொழில் நுணுக்கத்தையும் சொல்லிக் கொடுப்பார். அவள் சிரிக்கிற சிரிப்பு எங்கள் கூடம் வரை கேட்கும்.

போன மாதம் சுகாசினிக்கு வயிற்றில் கட்டி. பரிசோதனை முடிவு கேட்கப் போனபோது நானும் துணைக்குப் போனேன். அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு டாக்டர் எங்களிடம் சொன்னார்: ஈரல் வரை பரவிவிட்டது, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். டேனியல் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். அவள் கேட்கும் முன்பே குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தார்.

"உங்கிட்ட மறைக்க மாட்டேன்மா. ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்குதாம். மாத்திரைய ஒழுங்கா போடலைன்னா கஷ்டம்னு சொல்றாங்க. மத்தபடி ஒண்ணும் இல்ல."

பாவி மனிதனுக்கு வேறு விதமாகப் பொய் சொல்லக்கூடத் தெரியவில்லை. சுகாசினி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு எழுந்து, அடுப்படிப் பக்கமே போகாத அந்த மனிதரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். அலமாரி டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து, எதில் பருப்பு, எதில் மிளகாய்த்தூள் என்று காட்டத் தொடங்கினாள்.