வாறன், அக்கா

நம்பாட்டி விடுங்கோ. ஆனால் பொய் எண்டு மட்டும் என்ரை முகத்துக்கு நேரை சொல்லிப்போடாதேங்கோ, எனக்குக் கெட்ட கோவம் வரும். போன மே மாசம், பட்டப்பகல், வெக்ஸ்போர்ட்டிலை என்ரை ஒபிஸ் கதிரையிலை இருந்து, இந்தக் காதாலை கேட்டது.

வடதுருவப் பக்கம் போற ஆராய்ச்சிக்காரருக்குச் சாமானும் விமானமும் ஒழுங்கு பண்ணுற சின்னக் கொம்பனி எங்கடை. அவை கூடாரம் அடிச்சிருக்கிற காம்பிலை இருந்து சற்றலைட் போன் வரும். எல்லாரும் சுகமோ எண்டு கேக்கிறது என்ரை வேலை. என்ரை தம்பி அன்புராசாவும் அங்கைதான், பனிமேட்டைத் துளைச்சு ஐஸ் எடுக்கிறவன். "கிளிநொச்சியிலை ஐஸ்பழத்துக்கு அழுதவன், இப்ப ஐஸுக்கையே குடியிருக்கிறாய்" எண்டு நக்கலடிப்பன். எனக்கு அவனை விட்டால் ஒருத்தரும் இல்லை. மற்ற எல்லாரும் வன்னியிலை செல்லடியிலை செத்துப்போச்சினம். என்ரை இடக்கால் சின்னி விரலும் அதோடைதான் போனது.

அண்டைக்கு மத்தியானம் காம்புக்குப் பொறுப்பான ஸ்டெபனி போன் அடிச்சாள். காத்து அளக்கிற கம்பத்தைத் திருத்தப் போன அன்பு திரும்பி வரேல்லையாம். பனிப்புயல். நீட்டின கை தெரியாதாம். விமானமும் எழும்பேலாதாம்.

நான் கும்பிடாத தெய்வம் இல்லை.

ரெண்டே முக்காலுக்கு மற்ற லைன் அடிச்சுது.

ஸ்ஸ்ஸ்... காத்து. பிறகு அவன்.

"அக்கா..."

"அன்பு! எங்கையடா நிக்கிறாய்?"

"கம்பத்தடியிலை... உனக்குக் குளிரேல்லையே?"

"எனக்கென்ன குளிர்? அசையாமல் உதிலையே நில்லடா!"

"வெறுங்காலோடை நிக்கிறியே அக்கா..."

மேசைக்குக் கீழை பாத்தன். செருப்பைக் கழட்டிப் போட்டிருந்தன்.

சரக்... சரக்... பனியிலை நடக்கிற சத்தம். ஒரு ஆளின்ரை நடை இல்லை அது.

"சரி... வாறன்."

லைன் செத்துப்போச்சு.

எங்கடை ஆக்கள் வரேக்கையும் 'வாறன்', போகேக்கையும் 'வாறன்'. நான் வேற என்னத்தை நினைக்கிறது? காம்புக்குத்தான் வாறான் எண்டு ஸ்டெபனிக்குக் கத்தினன்.

"வாறானாம்! லைற்றெல்லாம் போடு! ஹோர்னை அடி!"

அவள் மெல்லமாய்ச் சொன்னாள்.

"மலர்... அவன்ரை போன் என்ரை கையிலை இருக்கு. கூடாரத்துக்கை விட்டிட்டுப் போனவன். பற்றரியும் இல்லை."

ஐயோ எண்டு கத்தினன். விமானக்காரரைக் கெஞ்சினன், பேசினன், அழுதன். புயல் விடேல்லை.

அன்பு இண்டு வரைக்கும் கிடைக்கேல்லை.

காத்து ஓய்ஞ்ச பிறகு ஸ்டெபனி ஒரு படம் அனுப்பினாள். சுத்திவரப் பனியைக் காத்து அள்ளிக்கொண்டு போக, மிதிச்ச இடம் மட்டும் இறுகி, கால் தடமாய் நிண்டது. கம்பத்தடியிலை தொடங்கி, காம்புக்கு எதிர்ப்பக்கம், ஆழமான பனி வெடிப்புப் பக்கமாய்ப் போகுது.

பின்னாலை அன்புவின்ரை சப்பாத்து.

முன்னாலை... சின்னக் கால். வெறுங்கால்.

படத்தைப் பெருப்பிச்சுப் பாத்தன்.

இடக்காலிலை நாலு விரல்தான்.